மூட்டை தூக்கியவர் செய்த வேலை எவ்வளவு?

ஒன்பதாம் வகுப்பில் வெப்பம் பாடத்தை முடித்த வாரம் அது. கலோரி என்ற அலகைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "எங்க அண்ணன் ஜிம்முல ஒரு மணி நேரம் வெயிட் தூக்குனா, போன்ல 360 கலோரின்னு காட்டுது டீச்சர். போனுக்கு அது எப்படித் தெரியும்?" என்று கேட்டான்.

பாடப்புத்தகத்தில் இல்லாத கேள்வி வந்தால் நமக்கு ஒரு மகிழ்ச்சி வருமே, அந்த மகிழ்ச்சியில், "கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்" என்று சுண்ணக்கட்டியை எடுத்தேன். ஜிம் எல்லாருக்கும் தெரிந்த இடம் இல்லை. அறுவடைக் காலம் என்பதால், எங்கள் ஊர் நெல் கொள்முதல் நிலையத்தையே எடுத்துக்கொண்டேன். ஒரு நெல் மூட்டை 40 கிலோ. அதைத் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்துக்குத் தூக்குவதாக வைத்துக்கொண்டோம்.

வேலை = நிறை × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம்
= 40 × 9.8 × 1.5 = 588 ஜூல்

ஒரு நாளில் 200 மூட்டை என்றால் 1,17,600 ஜூல். ஒரு கலோரி 4.186 ஜூல், எனவே ஒரு கிலோகலோரி 4,186 ஜூல். வகுத்துப் பார்த்தால் சுமார் 28 கிலோகலோரி. ஒரு கிராம் சர்க்கரை தருவது 4 கிலோகலோரி. அப்படியானால் 200 மூட்டைக்கு 7 கிராம் சர்க்கரை போதும்!

"ஒரு டீயில போடுற சக்கரைதான்!" என்று ஒருவன் சொல்ல, வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்போது இரண்டாம் வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள்.

"எங்கப்பா அங்கதான் மூட்டை தூக்குறாரு டீச்சர். ஒரு டீ சக்கரைதான் செலவாகுதுன்னா, ராத்திரி ஏன் கையத் தூக்கிச் சாப்பிட முடியாம உக்காந்திருக்காரு?"

மணி அடித்தது. நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அன்றிரவு முழுவதும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கரும்பலகையில் போட்ட கணக்கில் பிழை இல்லை. அதைப் பாதியில் நிறுத்தியதுதான் பிழை. மூட்டைக்கு என்ன கிடைத்தது என்று கணக்கிட்டேன். தூக்கிய உடல் என்ன கொடுத்தது என்று கணக்கிடவில்லை.

அடுத்த இரண்டு பாடவேளைகளில் அந்த மீதிக் கணக்கை மாணவர்களோடு சேர்ந்து போட்டேன். மற்ற ஆசிரியர்களுக்கும் பயன்படலாம் என்பதால் அதை இங்கே பகிர்கிறேன்.

கற்றல் விளைவுகள்

இந்தப் பாடத்தின் முடிவில் மாணவர்கள்,
1. இயற்பியலில் ‘வேலை’ என்பதற்கும் உடல் செலவிடும் ஆற்றலுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குவர்.
2. ஜூல், கலோரி, கிலோகலோரி ஆகியவற்றை ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றுவர்.
3. எடை தூக்குவதில் செலவாகும் ஆற்றலை இரண்டு வழிகளில் மதிப்பிட்டு ஒப்பிடுவர்.
4. மதிப்பீட்டுக்கும் அளவீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை உணர்வர்.

தேவையான பொருள்கள்: 5 லிட்டர் தண்ணீர் கேன், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், அளவு நாடா, நொடிமுள் உள்ள கடிகாரம்.

செயல்பாடு 1: தூக்கிப் பார்ப்போம்

தண்ணீர் நிரம்பிய 5 லிட்டர் கேனின் நிறை ஏறத்தாழ 5 கிலோ. மேசையின் உயரத்தை மாணவர்களே அளந்தார்கள், 0.75 மீட்டர். விருப்பமுள்ள மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து கேனைத் தரையிலிருந்து மேசைக்கு 20 முறை தூக்கினார்கள். தொடங்கும் முன்பும் முடித்த உடனும் 15 நொடிக்கு நாடித் துடிப்பை எண்ணி, நான்கால் பெருக்கிக் குறித்துக்கொண்டார்கள்.

5 × 9.8 × 0.75 × 20 = 735 ஜூல். அதாவது 0.18 கிலோகலோரி.

அரைக் கிலோகலோரிகூட இல்லை. ஆனால் நாடி கூடியிருந்தது, மூச்சு வாங்கியது, நெற்றி வியர்த்திருந்தது. "கணக்குல ஒண்ணுமே இல்ல, ஆனா ஒடம்பு சூடாயிடுச்சே" என்றான் ஒருவன். அந்தச் சூட்டைத்தான் நாங்கள் தேடிக்கொண்டிருந்தோம். தசை செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரைதான், அதாவது 20 முதல் 25 விழுக்காடுதான், பொருளைத் தூக்கும் வேலையாக மாறுகிறது. மீதி வெப்பமாக வெளியேறுகிறது. வெப்பம் பாடம் நடத்தும்போது இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

இப்போது மூட்டைக் கணக்குக்குத் திரும்பினோம். 28 கிலோகலோரி வேலை கிடைக்க உடல் செலவிட வேண்டியது 28 ÷ 0.25 = 112 முதல் 28 ÷ 0.20 = 140 கிலோகலோரி வரை. 28 ஒரே அடியில் 112ஐத் தாண்டிவிட்டது.

செயல்பாடு 2: அசையாமல் நிற்போம்

ஒரு லிட்டர் பாட்டிலைக் கையில் பிடித்து, கையைத் தோள் உயரத்தில் நேராக நீட்டி, அசையாமல் நிற்க வேண்டும். ஒரு நிமிடம் போதும். வலித்தால் உடனே இறக்கிவிடலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பாட்டில் நகரவில்லை. இடப்பெயர்ச்சி சுழி. எனவே வேலையும் சுழி. ஆனால் அரை நிமிடத்திலேயே கைகள் நடுங்கத் தொடங்கின.

ஏன்? மேசை ஒரு புத்தகத்தைத் தாங்க ஆற்றல் எதுவும் செலவிடுவதில்லை. தசை மேசையைப் போன்றதல்ல. பொருளைப் பிடித்து நிற்கும்போதும் தசை இழைகளுக்குள் இருக்கும் நுண்ணிய புரதங்கள் பற்றி இழுப்பதும் விடுவதுமாக ஓயாமல் இயங்குகின்றன. ஒவ்வொரு பற்றலுக்கும் ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்று செலவாகிறது. உயிரியலில் ‘செல்லின் ஆற்றல் நாணயம்’ என்று நாம் கற்பிக்கும் அதே ஏ.டி.பி.தான். வெளியே எதுவும் நகரவில்லை. உள்ளே நாணயம் செலவாகிக்கொண்டே இருக்கிறது.

இந்த இடத்தில் வேலையைப் பற்றி நாம் வழக்கமாகச் சொல்லும் ஓர் எடுத்துக்காட்டைப் பேசியாக வேண்டும். ‘தலையில் சுமையுடன் சமதளத்தில் நடக்கும் தொழிலாளி, புவியீர்ப்பு விசைக்கு எதிராகச் செய்யும் வேலை சுழி’ என்போம். விசை மேல்நோக்கி, இடப்பெயர்ச்சி கிடைமட்டமாக; இரண்டுக்கும் இடையே 90 பாகை. இயற்பியல்படி இது முற்றிலும் சரி. ஆனால் தமிழில் ‘வேலை’ என்ற சொல்லுக்கு நம் மாணவர்களின் வீட்டில் வேறு பொருள் இருக்கிறது. அப்பா வேலைக்குப் போயிருக்கிறார், அம்மா வேலை முடிந்து வந்தார் என்று காலையும் மாலையும் கேட்டு வளரும் குழந்தை, ‘சுமை தூக்குபவர் செய்த வேலை சுழி’ என்பதை எப்படிக் கேட்கும்? நான் இத்தனை ஆண்டுகளாக இந்த எடுத்துக்காட்டைச் சொல்லி வந்திருக்கிறேன். ஒரு முறைகூட இதை யோசித்ததில்லை. இப்போது அதைச் சொன்ன கையோடு, "மூட்டைக்குக் கிடைத்த ஆற்றல் சுழி, சுமந்தவர் செலவிட்ட ஆற்றல் சுழி அல்ல" என்ற வரியையும் சேர்த்தே எழுதிப்போடுகிறேன்.

நம் கணக்கில் விடுபட்டவை

மாணவர்கள் குழுவாக அமர்ந்து, மூட்டைக் கணக்கில் எவையெல்லாம் விடுபட்டன என்று பட்டியலிட்டார்கள். அவர்கள் சொன்னவற்றை ஒழுங்குபடுத்தினால்:

1. மூட்டையை மட்டும் கணக்கிட்டோம். தூக்குபவர் தன் உடலையும் சேர்த்தே தூக்குகிறார். குனிந்து நிமிரும்போது உடலின் 40 கிலோ பகுதி 0.3 மீட்டர் உயர்கிறது என்று வைத்தால், 200 முறைக்கு 23,520 ஜூல், அதாவது 5.6 கிலோகலோரி வேலை. இதற்குத் தசை செலவிடுவது 22 முதல் 28 கிலோகலோரி.
2. மூட்டையைச் சுமந்து நடப்பதும், வெறுங்கையோடு திரும்பி நடப்பதும் விடுபட்டன.
3. மூட்டையை மெதுவாக இறக்குவது விடுபட்டது. இறக்கும்போது தூக்குவதைவிடக் குறைவாகத்தான் செலவாகும். ஆனாலும் செலவு உண்டு.
4. பிடித்து நிற்பதும், முதுகையும் கழுத்தையும் விறைப்பாக வைத்திருப்பதும் விடுபட்டன.
5. வேகமாகத் துடிக்கும் இதயமும், வேகமாக இயங்கும் மூச்சுத் தசைகளும் விடுபட்டன.
6. வேலை நின்ற பிறகும் சிறிது நேரம் மூச்சு வாங்குகிறது. அந்தக் கூடுதல் ஆக்சிஜனும் செலவுக் கணக்கில்தான் வரும்.

ஐந்தாவதையும் ஆறாவதையும் சொன்னது, முதல் நாள் ‘டீ சக்கரை’ என்று சிரிக்கவைத்த அதே மாணவன்.

மூச்சை அளந்தவர்கள்

உடல் செலவிடும் ஆற்றலை எப்படித்தான் அளப்பது? இதற்கான வழியை 1789-90 காலத்திலேயே பிரான்சில் லவாய்சியர் காட்டினார். ஆக்சிஜன் பாடத்தில் நாம் சொல்லும் அதே லவாய்சியர்தான். அவருடைய உதவியாளர் அர்மாண்ட் செகுவின் முகத்தில் மூடி அணிந்து, ஓய்வாக இருக்கும்போதும், காலால் மிதித்து எடையை உயர்த்தும்போதும் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறார் என்று அளந்தார்கள். எடையை உயர்த்தியபோது ஆக்சிஜன் பயன்பாடு ஓய்வு நிலையைவிட இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது. லவாய்சியரின் மனைவி மேரி ஆன் இந்தச் சோதனைகளைப் படமாக வரைந்திருக்கிறார். குறிப்பேட்டோடு மேசையில் அமர்ந்து எழுதும் தன்னையும் அந்தப் படத்தில் சேர்த்திருக்கிறார்.

எண்களைச் சொல்வதோடு லவாய்சியர் நிறுத்திக்கொள்ளவில்லை. உடலால் உழைக்கும் ஏழைதான் அதிகம் செலவிடுகிறார். அவருக்குத்தான் அதிக உணவு தேவை. ஆனால் தேவைக்கு மேல் உணவு கிடைப்பதோ உழைக்காத செல்வந்தருக்கு. இந்த முரணை அந்த ஆய்வுக் கட்டுரையிலேயே அவர் சுட்டிக்காட்டினார். இதைச் சொன்னபோது வகுப்பு அமைதியாகக் கேட்டது.

இன்றும் ஆய்வகங்களில் அடிப்படை முறை இதுதான். உடல் ஒரு லிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்தினால் ஏறத்தாழ 5 கிலோகலோரி செலவாகிறது என்று கணக்கிடுகிறார்கள்.

செயல்பாடு 3: போன் போடும் கணக்கு

ஒவ்வொருவருக்கும் முகமூடி மாட்டி அளக்க முடியாது. எனவே ஒரு குறுக்கு வழி உண்டாயிற்று. சும்மா அமர்ந்திருக்கும்போது ஒரு கிலோ உடல் எடைக்கு, ஒரு மணி நேரத்துக்கு, ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகிறது. இதை ஒரு ‘மெட்’ என்கிறார்கள். ஒரு செயல் இதைப்போல் எத்தனை மடங்கு என்பதே அச்செயலின் மெட் மதிப்பு. அமெரிக்காவில் பார்பரா ஐன்ஸ்வொர்த் தலைமையிலான குழு பல நூறு செயல்களுக்கு இந்த மதிப்புகளைத் தொகுத்து 1993இல் வெளியிட்டது. பின்னர் அது பலமுறை திருத்தப்பட்டது. 2011ஆம் ஆண்டுப் பட்டியலில் மிதமான எடைப் பயிற்சிக்கு 3.5, கடுமையான எடைப் பயிற்சிக்கு 6.

செலவு = மெட் மதிப்பு × உடல் எடை × மணி நேரம்

அண்ணனின் எடை 60 கிலோ என்று மாணவன் விசாரித்து வந்திருந்தான். 6 × 60 × 1 = 360. போன் காட்டிய எண் அப்படியே வந்ததும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! போன் எதையும் அளக்கவில்லை, பெருக்கத்தான் செய்திருக்கிறது.

அடுத்து நான் கேட்டேன்: "அந்த ஒரு மணி நேரமும் அண்ணன் தூக்கிக்கொண்டேவா இருந்தார்?" இல்லை; இடையிடையே உட்கார்ந்திருப்பார், பேசுவார், தண்ணீர் குடிப்பார். அப்படியானால் மிதமான பயிற்சி என்று கொள்வோம். 3.5 × 60 × 1 = 210. அதிலும் சும்மா இருந்தாலே செலவாகியிருக்கும் 60ஐக் கழித்தால், பயிற்சிக்கான கூடுதல் செலவு 150 கிலோகலோரி. ஒரே மனிதர், ஒரே ஒரு மணி நேரம். விடை 150ஆகவும் இருக்கலாம், 360ஆகவும் இருக்கலாம். இரண்டும் மதிப்பீடுதான். எந்த எண்ணை எடுத்துக்கொண்டு வந்தாலும், எதை வைத்துக் கணக்கிட்டாய் என்று கேட்க வேண்டும்.

கைக்கடிகாரக் கருவிகளைப் பற்றியும் ஒரு மாணவி கேட்டாள். அவை இதயத் துடிப்பையும் சேர்த்துக் கணக்கிடுகின்றன. ஆனால் மூச்சைப் பிடித்துக் கனமான எடையைத் தூக்கும்போது, ஆக்சிஜன் பயன்பாடு கூடும் அளவைவிட இதயத் துடிப்பு அதிகமாகக் கூடும். எனவே எடைப் பயிற்சிக்கு அந்த எண் நடைப்பயிற்சிக்கு இருப்பதுபோல் நம்பகமாக இருப்பதில்லை.

மூட்டைக் கணக்கின் மறுபாதி

60 கிலோ எடையுள்ள ஒருவர், நாளில் 4 மணி நேரம் மூட்டை தூக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். எடைப் பயிற்சியின் மதிப்புகளையே பயன்படுத்துவோம்.

மிதமான அளவில்: 3.5 × 60 × 4 = 840; ஓய்வுச் செலவு 240ஐக் கழித்தால் 600.
கடுமையான அளவில்: 6 × 60 × 4 = 1,440; கழித்தால் 1,200.

முதல் நாள் விடை 28 கிலோகலோரி. இன்றைய விடை 600 முதல் 1,200 வரை. இரண்டையும் கரும்பலகையில் அருகருகே எழுதினேன். இரண்டும் சரியான விடைகள், கேள்விகள்தான் வேறு.

இந்த விடை நம்பத்தக்கதா என்று சரிபார்க்க வேண்டாமா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரையை எடுத்துக்கொண்டோம். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு ஒரு நாளைக்குத் தேவையான ஆற்றல்:

உட்கார்ந்து செய்யும் வேலை – 2,110 கிலோகலோரி
மிதமான உழைப்பு – 2,710 கிலோகலோரி
கடின உழைப்பு – 3,470 கிலோகலோரி

நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கும் கடினமாக உழைப்பவருக்கும் இடையே 1,360 கிலோகலோரி வித்தியாசம். இது முழுநாள் கணக்கு என்றாலும், நாங்கள் கண்ட விடை ஏறத்தாழ இதே அளவில்தான் இருக்கிறது. தேநீர்ச் சர்க்கரைக் கணக்கு அதன் அருகில்கூட வரவில்லை.

களைப்புக்கு ஆற்றல் செலவு மட்டுமே காரணம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வெயிலில் வியர்த்து நீரும் உப்பும் இழப்பது, தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதம், போதாத உறக்கம் ஆகியவையும் சேர்கின்றன. கலோரி ஒன்றே எல்லாவற்றையும் சொல்லிவிடாது.

ஆசிரியர் கவனத்திற்கு

• கிலோகலோரியையே பேச்சு வழக்கில் கலோரி என்கிறோம். போன் காட்டும் ‘360 கலோரி’ உண்மையில் 360 கிலோகலோரி. முதலிலேயே இதைத் தெளிவுபடுத்தாவிட்டால் மாணவர்களின் விடை ஆயிரம் மடங்கு தவறும்.
• மாணவர்களின் உடல் எடையை வகுப்பில் கேட்கவோ அளக்கவோ வேண்டாம். 50 கிலோ, 60 கிலோ என்று பொதுவான எடையைக் கொடுங்கள். ஒல்லி, குண்டு என்ற பேச்சு எழ இடம் தரக்கூடாது.
• மெட் மதிப்புகள் பெரியவர்களை வைத்து உருவானவை. வளரும் பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்தா. ‘இவ்வளவுதான் செலவாச்சு, அதனால சாப்பாடு வேண்டாம்’ என்று எந்த மாணவரும் முடிவெடுக்கக் கூடாது. வளர்வதற்கும் ஆற்றல் வேண்டும் என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள்.
• உடல்நலக் குறைவு உள்ளவர்களைத் தூக்கச் சொல்லாமல், நேரம் பார்க்கவும் குறிப்பெடுக்கவும் பயன்படுத்துங்கள்.
• தொடக்க வகுப்புகளில் கணக்கு வேண்டாம். உட்காருதல், நடத்தல், புத்தகப் பையோடு நடத்தல், குதித்தல் ஆகியவற்றுக்குப் பின் மூச்சை எண்ணி, குறைவிலிருந்து கூடுதலுக்கு வரிசைப்படுத்தச் சொன்னாலே போதும். ‘வேலை கூடினால் உணவும் கூட வேண்டும்’ என்பதைக் குழந்தைகளே சொல்லிவிடுவார்கள்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. 10 கிலோ எடையை 0.6 மீட்டர் உயரத்துக்கு 30 முறை தூக்கச் செய்யப்படும் வேலை எவ்வளவு? கிலோகலோரியில் கூறுக. (1,764 ஜூல், சுமார் 0.42 கிலோகலோரி)
2. கட்டட வேலையில் செங்கல் சுமக்கும் 55 கிலோ எடையுள்ள பெண், 2 மணி நேரத்தில் ஓய்வுச் செலவு நீங்கலாகச் செலவிடும் ஆற்றலை மெட் மதிப்பு 3.5 எனக் கொண்டு மதிப்பிடுக. (385 – 110 = 275 கிலோகலோரி)
3. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துத் தெருக்குழாயிலிருந்து வீடு வரை நடக்கும் ஒருவரின் ஆற்றல் செலவில், வேலையின் வாய்பாட்டில் வராத பகுதிகள் எவை?

மூன்றாம் வினாவுக்கு ஒரே விடை கிடையாது. எங்கள் வகுப்பில் அதிக நேரம் பேசப்பட்டது அதுதான்.

வீட்டுப்பாடமாக, தங்கள் வீட்டில் உடலால் உழைக்கும் ஒருவரின் ஒரு நாளை எழுதி வரச் சொன்னேன். மறுவாரம் அந்த மாணவி குறிப்பேட்டைக் கொண்டுவந்தாள். அப்பா எத்தனை மணிக்குப் போகிறார், எத்தனை மூட்டை, அடுக்கு எவ்வளவு உயரம், லாரி எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று பக்கம் முழுக்க எழுதியிருந்தாள். அடியில் இரண்டு எண்கள்: மூட்டைக்குக் கிடைத்தது, அப்பா கொடுத்தது.

"அப்பாகிட்ட படிச்சுக் காட்டினியா?" என்று கேட்டேன்.

"காட்டினேன் டீச்சர். ‘நடந்ததையும் சேத்தியாம்மா’ன்னு கேட்டாரு."

சேர்த்திருந்தாள்.